வராத ஆறு பேர்

ஆஸ்பத்திரிக்கு வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டு, பிறகு தலைகாட்டாமல் போய்விடுகிறவர்களை ஃபோனில் துரத்திப் பிடிப்பது என் வேலை. வலி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன். "ஊரையெல்லாம் நலம் விசாரிக்கிற, வீட்லயும் ஒருத்தன் இருக்கேன்" என்று என் கணவர் குத்திக்காட்டுவார். அவருக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறார்.

குறை என் தங்கைக்குத்தான். அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். சரியாக மூடாத குழாய் போல வேர்த்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளில் மை கலைந்து, வாத்தியார்கள் திருத்த முடியாமல் தலையில் அடித்துக்கொள்வார்கள். வீட்டில் அவளுக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தோம். 'வைத்தோம்' என்பது சும்மா, வைத்தது நான்தான்.

இத்தனை தொழில் இருக்க, சொட்டு போய்ப் புருவம் திருத்துகிற வேலையைப் பிடித்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் சுற்றி, வெடுக்கென்று முடியைப் பிடுங்க வேண்டும். நூல் நனைந்தால் வழுக்கும். நெற்றியில் ஈரக் கை பட்டால் வந்தவர் முகம் சுளிப்பார். பவுடர் டப்பாவும் கையுமாகவே பியூட்டி பார்லரில் ஏழு வருடம் ஓட்டிவிட்டாள். சொந்தமாகக் கடை போட ஒரு சின்ன இடம்கூடப் பார்த்துவைத்திருந்தாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி என்பதுதான் ஒரே தயக்கம்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அதற்கு ஓர் ஆபரேஷன் உண்டு. அக்குளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு, கையை வேர்க்கச் சொல்கிற நரம்பை வெட்டிவிடுவார்கள். செய்கிறவர் எந்நேரமும் பல் தெரியப் பேசுவதால் அவரைச் சிரிப்பு டாக்டர் என்போம். ஒருநாள் சொட்டு அவரைப் பார்த்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, இருபது பேர்ல பதினெட்டு பேருக்குத் திருப்தியாம்! எனக்கும் அடுத்த மாசம் தேதி குடுத்துட்டார்."

"செஞ்சுக்கிட்டது இருபது பேர் இல்லடி, இருபத்தாறு. ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தவங்கதான் இருபது. வராத ஆறு பேரோட பட்டியல் இதோ, என்கிட்டதான் கிடக்கு."

"கை நல்லாயிருக்கும், அதான் வரல."

"கடுப்பாகி வேற டாக்டர்கிட்ட ஓடியிருப்பாங்க."

"எதுலயும் ஒரு நொட்டை சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காதே!" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதும் ஊகம், நான் சொன்னதும் ஊகம். ஆனால் அவளைப் போல எனக்கும் வாய் சும்மா இருக்காது. அந்த ஆறு பேரையும் தேடிப் பிடிக்காமல் விடுவதில்லை என்று ஃபோனைக் கையில் எடுத்தேன்.

முதல் ஆள் பேருந்து ஓட்டுநர். "கை சூப்பர்மா. வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து சூப்பர்னு சொல்லணுமா?" என்றார். சொட்டு சொன்னதுபோலவே ஆகிவிட்டதே என்று எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவது பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவளுக்கும் கை நலம். மூன்றாவது ஆளுக்குக் கை ஒரேயடியாக உலர்ந்துபோய், பேப்பர் புரட்டவே தண்ணீர் தொட வேண்டியிருக்கிறதாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்காவது எண் யாரோ ஒரு காய்கறிக்காரருடையதாகிவிட்டது. மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் கோபப்படாமல் தக்காளி வேண்டுமா என்று கேட்டார். அந்த நோயாளி கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஐந்தாவது நபர் ஒரு கணக்கு வாத்தியார். "கை காஞ்சுடுச்சும்மா. ஆனா அந்த வேர்வை எங்கயும் போகல, முதுகுக்கும் வயித்துக்கும் குடிபோயிடுச்சு. ஒரு நாளைக்கு அஞ்சு சட்டை மாத்தறேன். வேற இடத்துல கொஞ்சம் வேர்க்கலாம்னு டாக்டர் சொல்லத்தான் செஞ்சார். கொஞ்சம்னா எவ்வளவுன்னு நான் கேட்கல." ஆறாவதாகப் பேசிய பெண்ணும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள், கொஞ்சம் அழுகையோடு.

வைக்கும் முன் வாத்தியார் ஒன்று சொன்னார். "யாராவது இதைச் செஞ்சுக்கப் போறாங்கன்னா என் நம்பரைக் குடுங்க. எனக்கு அப்படிப் பேச ஒரு ஆள் கிடைக்கல."

டாக்டரிடம் படிவங்களைக் கொடுத்தேன். அவர் பல் தெரியாமல் இருப்பதை முதன்முறையாகப் பார்த்தேன்.

"இவங்க ரெண்டு பேரும் என்கிட்ட வரவே இல்லையே."

"வந்திருந்தா என்ன டாக்டர் செஞ்சிருப்பீங்க?"

யோசித்தார். "பெருசா ஒண்ணும் முடியாது. வெட்டினது வெட்டினதுதான்." பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பழைய கணக்கை அடித்துவிட்டுத் தன் கையாலேயே புதிதாக எழுதினார். தெரிந்தவர்கள் இருபத்தைந்து பேர். அதில் இருபத்தொரு பேருக்குத் திருப்தி, இரண்டு பேருக்கு அரைமனது, இரண்டு பேருக்குக் கடும் வேர்வை. ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "இனிமே வர்ற எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்வேன். உங்க தங்கச்சியிலிருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார். நல்ல மனுஷன். சிரிப்பை வைத்து நான்தான் அவரைக் குறைவாக எடைபோட்டிருந்தேன்.

புதிய கணக்கைக் கேட்டும் சொட்டு அசையவில்லை. "அப்பவும் இருபத்தொரு பேர் நல்லாத்தானே இருக்காங்க?"

"மீதி பேர்ல நீ ஒருத்தியா இருந்தா?"

"அக்கா, நீ காஞ்ச கையோட பேசுற."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாகச் சொட்டு, சொட்டு என்று கூப்பிட்டிருக்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கிற நான், கூடப் பிறந்தவளை ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. வாதாடுவதை விட்டுவிட்டு வாத்தியாரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ஃபோனை அவளிடம் நீட்டினேன்.

"சார், மறுபடி முதல்லேருந்துன்னா செஞ்சுக்குவீங்களா?" சொட்டு எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். பதினாறு வருடத்தில் என் படிவத்தில் இல்லாத கேள்வி அது.

"செஞ்சுக்குவேன்மா" என்றார் வாத்தியார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிள்ளைங்க நோட்டைக் கறையில்லாம திருத்தறேன். சட்டைதானே, மாத்திக்கலாம். ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"புருவம் திருத்தறேன் சார்."

"நாள் பூரா அடுத்தவங்க மேல குனிஞ்சு நிக்கணுமா?"

"ஆமா."

"நான் போர்டுகிட்ட நிக்கறவன். எனக்கு முதுகு நனைஞ்சா பின்னாடி பெஞ்சு சிரிக்கும், அவ்வளவுதான். உங்களுக்குக் கணக்கு வேறம்மா. அதை நீங்கதான் போடணும்."

இரண்டு நாள் கழித்துச் சொட்டு ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு, வெட்டாமல் வேறு வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். உண்டு, ஆனால் இந்த அளவுக்குக் கேட்காது என்றார். இரண்டு தட்டில் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையை அதில் வைத்து, மெல்லிய மின்சாரம் விட வேண்டும். வாரம் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம்.

"இங்க இதுவரைக்கும் பதினோரு பேர்தான் செஞ்சிருக்காங்க" என்றார்.

"கால்பந்து டீமுக்குச் சரியா இருக்கு. அதுல எத்தனை பேர் திரும்பி வந்தாங்க டாக்டர்?" என்றேன்.

"உங்ககிட்ட வாயைத் திறக்கவே பயமா இருக்கு. ஏழு பேர். அஞ்சு பேருக்குப் பரவாயில்லை. உறுதியாச் சொல்ல எனக்கே இந்தக் கணக்கு ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா ஒத்துவரலைன்னா சுவிட்சை அணைச்சுட்டு எழுந்து போயிடலாம்."

"அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கில்ல, அது போதும் எனக்கு" என்றாள் சொட்டு. "இது கேட்கலைன்னா கத்தியைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்."

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று திட்டினாள். மூன்றாவது வாரம் திட்டுவதை நிறுத்தினாள். இரண்டாவது மாதக் கடைசியில், ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியுமாகச் சொந்தக் கடையைத் திறந்தாள்.

மூன்று மாதம் முடிந்ததும், நலம் கேட்டு எழுத வேண்டியவர்களின் பட்டியலில் அவள் பெயரும் வந்தது. ஃபோன் செய்யவில்லை, படிவத்தோடு நேரிலேயே போனேன். புருவம் திருத்த வந்திருந்த ஓர் அம்மாவுக்கு வேலை முடிந்ததும் என்னைப் பிடித்து நாற்காலியில் சாய்த்தாள். "புருவமா இது, புதர். ஆஸ்பத்திரி மானத்தை வாங்குற." நெற்றியில் அவள் கை பதிந்தது. நூல் வழுக்காமல் சரசரவென்று ஓடியது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, புருவம் எடுத்தால் யாருக்கும் வரத்தான் செய்யும்.

"எப்படிக்கா இருக்கு கை? உண்மையைச் சொல்லணும்."

"கொஞ்சம் ஈரம் இருக்கு."

"எனக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு வந்த ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட முகம் சுளிக்கல. அதையும் எழுது."

எழுதினேன். கை பாதி உலர்ந்திருக்கிறது, சிகிச்சை தொடர்கிறது, பக்கவிளைவு: இருபது நிமிடம் எறும்பு ஊர்கிற மாதிரிக் கூச்சம். 'மறுபடி முதலிலிருந்து என்றால் இதையே செய்துகொள்வீர்களா?' என்று அடியில் நானே ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டேன். "கண்ணை மூடிக்கிட்டு" என்றாள். அதையும் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது மனசு உறுத்தியது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் படிவத்தையும் நிரப்பியதில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டாமா? குறிப்பு என்ற இடத்தில் இப்படிச் சேர்த்தேன்: 'எழுதியவர் நோயாளியின் அக்கா. இதில் உள்ள மகிழ்ச்சியைக் கொஞ்சம் கழித்தே கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.'