முழங்காலுக்கு அடியில் வந்த காப்பி

எனக்கும் லூஷுக்கும் நிச்சயம் முடிந்து, முதல் தடவையாக அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். சோளரொட்டியும் பாலாடைக்கட்டியும் நான்தான் பரிமாறினேன். ராக்கிச் சாராயம் இரண்டாவது சுற்று வந்தபோது, ஷ்கோதர் நகரில் வரலாறு படிக்கும் என் அண்ணன் பாஷ்க் வாயைத் திறந்தான்.

"சித்தப்பா, ஆவணக் காப்பகத்துல ஒண்ணு கண்டுபிடிச்சேன். நம்ம கொள்ளுத்தாத்தா ஆத்துல விழுந்து சாகல. சுட்டிருக்காங்க. யாருங்கறீங்க? நம்ம லூஷோட கொள்ளுத்தாத்தா!"

பரீட்சையில் முதலாவதாக வந்தவன்போலச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்த பிறகே அவனுக்கு உறைத்தது. கொன்றவன் இன்னார் என்று தெரியாதவரை எங்கள் மலையில் பகை இல்லை. தெரிந்துவிட்டால் அவன் வம்சத்தில் ஒருவனைச் சுட்டாக வேண்டும்.

அப்பா இல்லாத வீட்டில் தேதா சித்தப்பா வைத்ததுதான் சட்டம். லூஷிடம் மரியாதையாகவே பேசினார்.

"நல்லா சாப்பிடுங்க மாப்ள. வாசப்படி தாண்டுற வரைக்கும் நீங்க விருந்தாளி."

லூஷ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

சித்தப்பா காப்பி ஊற்றினார். ஒரு காலைத் தூக்கி, முழங்காலுக்கு அடியில் கோப்பையை விட்டு அண்ணனிடம் நீட்டினார். பழி வாங்காத ஆணுக்கு இங்கே அப்படித்தான் கொடுப்பார்கள்.

"கொள்ளுத்தாத்தா காலத்துக் கதை, சித்தப்பா!"

"தெரியாம நிம்மதியா இருந்தோமேடா. தோண்டினவன் நீ. துப்பாக்கியையும் நீயே எடு."

"விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடுண்ணா," என்று கெஞ்சினேன்.

"உண்மைதான் திலா. ஆனா அதே காப்பகத்துல பக்கத்து ஊர்ப் பகை ஒண்ணையும் படிச்சேன். ஒவ்வொருத்தனும் இந்தக் காப்பியக் குடிக்க மாட்டேன்னு ரோஷப்பட்டுத் துப்பாக்கியத் தூக்கிருக்கான். கடைசில அந்த வீட்ல அடுப்பு மூட்டக்கூட ஆளில்ல."

கோப்பையை வாங்கி அடிவண்டல் வரை குடித்தான்.

"மானங்கெட்டவனே!"

"ஆமா சித்தப்பா. நாளைக்கும் இப்படியே குடுங்க, குடிக்கிறேன்."

லூஷின் கையைப் பிடித்து எழுப்பினான். சித்தப்பா சுவரிலிருந்து துப்பாக்கியை இறக்கினார். அண்ணன் லூஷின் முதுகை ஒட்டி நடந்தான். நானும் ஓடிப்போய் அவன் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். எங்களைத் துளைக்காமல் லூஷைச் சுட முடியாது.

வாசல்படியைத் தாண்டினோம். பனியில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சலில்லை.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் விழுந்தது.

"உனக்கு இனிமே அது தொறக்காதுண்ணா," என்றேன்.

"தெரியும். நட."