பாலத்துக்கு இந்தப் பக்கம்

டெல்மர் ஹோஸ்டெட்லர் சட்டத்துக்குப் பயந்தவர் என்றால் அது குறைத்துச் சொன்னதாகும். பென்சில்வேனியாவிலிருந்து வெர்மான்ட் போக நியூயார்க் மாநிலத்தைக் கடந்தாக வேண்டும். பிக்கப் வண்டியின் பின்னால் மனைவி வெர்னாவின் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. புறப்பட்ட இடத்தில் அவை சட்டப்படி அவளுடையவை, போய்ச் சேரும் இடத்திலும் அப்படியே. நடுவில் கிடக்கிற மாநிலத்தின் உரிமம்தான் இல்லை. குண்டுகளை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத பெட்டியில் பூட்டிக் கடந்து போகிறவர்களை மத்தியச் சட்டம் காப்பாற்றும்; அதன் நகலை அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். எங்கே எவ்வளவு நேரம் நின்றால் ஒருவன் கடந்து போகிறவன் இல்லாமல் போவான் என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. அதுதான் மனிதரை ஆட்டிப்படைத்தது.

வெர்னா முப்பது வருடம் இலக்குச் சுடும் போட்டிகளில் மாவட்டத்தையே கலக்கியவள். இப்போது இரண்டு கண்ணிலும் விழித்திரை நடுவில் பழுதாகிவிட்டது. வெர்மான்டில் இருக்கும் தம்பி மகளுக்குத் துப்பாக்கிகளை அங்குள்ள கடைக்காரர் மூலம் முறைப்படி கைமாற்றிவிடப் போகிறாள். அந்த ஏப்ரல் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். பிற்பகல் மூன்றரைக்குச் சற்று முன்னால் அந்த வட்டாரத்தில் முழுச் சூரிய கிரகணம். மிச்சமிருக்கும் பார்வையும் போவதற்குள் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள். ஒரு மணிக்கே தம்பி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன் என்று டெல்மர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்கைக் கெடுத்ததும் அவரே. மாநில எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்கில், துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பெட்டியில் இருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் எல்லாவற்றையும் இறக்கினார். தனித்தனியாகப் பிரித்தார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார். பத்து மைல் போனதும் சந்தேகம் வந்து, சாலையை விட்டு இறங்கி மறுபடி இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு கிரகணம் பார்க்கக் கிளம்பிய கூட்டம் வடக்கே போகும் சாலையை அடைத்துக்கொண்டது. வழியில் காபிக்குக்கூட நிறுத்தவில்லை. வெர்னா பசியோடு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மூன்று இருபதுக்கு, வெர்மான்ட் எல்லையான ஏரிப் பாலத்துக்கு ஐந்து மைல் இருக்கையில், ஒரு விசித்திரம் நடந்தது. முன்னால் ஊர்ந்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் புல்தரையில் ஒதுங்கின. சனங்கள் கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். காலையிலிருந்து ஏங்கிய காலிச் சாலை டெல்மருக்கு எதிரே நீண்டு கிடந்தது. வெயில் வெளிறி, நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூராகியிருந்தன.

"நிறுத்து," என்றாள் வெர்னா.

"அஞ்சு மைல்தான். அந்தப் பக்கம் போயிட்டா நமக்கு ஒரு பயமும் இல்ல."

"சூரியன் உனக்காகக் காத்துட்டு இருக்காது டெல்மர். பாலத்து மேல தொண்ணூறு மைல் வேகத்துல பறந்துக்கிட்டே வண்டிக் கண்ணாடி வழியா பார்க்கச் சொல்றியா?"

ஓரம் கட்டினார். ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. எஞ்சின் ஓடுகிறவரை பயணம் நடந்துகொண்டிருப்பதாக அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். வெர்னாவைக் கைபிடித்து இறக்கி, தம்முடைய ஒரு கையை வண்டியின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மேற்கு மலைகளின் பக்கமிருந்து இருட்டு ஓடி வந்தது. அது வரும் வேகத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. குளிர்ந்துவிட்டது. பறவைகள் அடங்கின. அப்போது பிக்கப்பின் விளக்குகள் தாமாகவே பளீரென்று எரிந்து, புல்வெளியையும் அதில் நின்ற முகங்களையும் வெள்ளையடித்தன. யாரோ ஒருவர் கெஞ்சும் குரலில், ஐயா அதை அணைத்துவிடுங்கள் என்றார். புது வண்டி அது. சாவியைத் திருப்பாமல் அந்த விளக்கை அணைக்க டெல்மருக்குத் தெரியாது.

ஒரு கணம்தான். சாவியைத் திருப்பினார். வண்டி அடங்கியது. சட்டைப்பையில் இருந்த சட்டத்தின்படி தாம் இப்போதும் கடந்து போகிறவர்தானா என்று அவருக்குத் தெரியவில்லை. வெர்னாவின் கையைப் பிடித்துப் புல்வெளிக்குள் இருபதடி நடந்தார். இருவரும் தங்கள் அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள்.

கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று யாரோ சொன்னார்கள். கழற்றி அண்ணாந்தார். எழுபத்தொரு வயதில் அவர் பார்க்கும் முதல் முழுக் கிரகணம். சூரியன் இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். அதைச் சுற்றி, உயிருள்ளதுபோல் வெள்ளை ஒளி இழை இழையாகப் பரவி நின்றது. அடிவானம் எல்லாத் திசையிலும் அந்திபோலச் சிவந்திருந்தது. தாம் எவ்வளவு சிறியவர் என்பது உறைத்தது, அதில் அவமானமே இல்லாததும் உறைத்தது.

பக்கத்தில் வெர்னா தலையைச் சற்றுச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை நேரே நிமிர்த்தினாள். தெரிகிறதா என்று கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. அவளே பேசினாள்.

"நடுவுல என்ன தெரியுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல. கறுப்பு. சுத்திலும்தான் வெளிச்சம்."

"ரெண்டு வருஷமா எனக்கு உன் மூஞ்சி அப்படித்தான் தெரியுது. எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறதுன்னே தெரியாம இருந்தேன்."

டெல்மர் வானத்திலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"ஆனா ஓரமெல்லாம் பாரு," என்றாள் வெர்னா, "எவ்வளவு அழகா இருக்கு."