பத்தொன்பது கிலோ

காலை ஐந்தரைக்கு அத்தா கூப்பிட்டபோது நான் கோவை விமானத்துக்குப் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டரில் போன் எடுக்கக் கூடாது. மூன்றாவது முறையும் அடித்ததால் குனிந்து எடுத்தேன்.

"உபைது போய்ட்டாம்மா," என்றார்.

உபைதுல்லா சித்தப்பா அத்தாவின் ஒரே தம்பி. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் கப்பலேறி அந்தமான் போனவர். அத்தா அப்போது ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் டிரங்குப் பெட்டியைத் தானே தோளில் சுமந்து கப்பலில் ஏற்றினாராம். கடைசியாக நேரில் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

"லுஹருக்கே அடக்கம்னாங்க. அஸர் வரைக்கும் வெச்சிருங்கன்னு சொல்லிட்டேன். எம் பொண்ணு ஏர்லைன்ஸ்ல கீறா, எப்படியும் வந்துருவேன்னு."

மதியத் தொழுகைக்கு இருந்த அடக்கத்தை மாலைத் தொழுகை வரைக்கும் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். எதிரே நின்ற பயணி தன் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கல்மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு நான் விமானத்தின் சாவியை வைத்திருப்பவள். அப்படி நினைக்க வைத்தவர் அத்தாதான். ஒரு முறை ஊழியர் டிக்கெட்டில் பெங்களூருக்கு அனுப்பினேன். போனவர் திரும்பி வந்து பள்ளிவாசல் வரைக்கும் சொல்லிவிட்டார். அன்று விமானத்தில் பாதி காலி. அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஊழியரின் பெற்றோருக்குக் கிடைக்கும் டிக்கெட்டில் இருக்கை கிடையாது, காத்திருக்கும் உரிமை மட்டும்தான். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் வந்த பிறகு மீதி இருந்தால் ஏறலாம். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுண்டர் மூடும். அதுவரைக்கும் தெரியாது.

போர்ட் பிளேர் விமானம் பத்து இருபதுக்கு. பள்ளி விடுமுறை. எங்களிடமும் மற்ற நிறுவனங்களிலும் ஒரு இடம்கூட இல்லை. இதை விட்டால் மறுநாள்தான். அத்தாவுக்கு ஊழியர் டிக்கெட் ஒன்றைப் போட்டு அனுப்பினேன்.

ஏழரைக்கு அத்தா மெட்ரோவில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு துணிப்பை. என் கவுண்டருக்கு நேராக வந்துவிட்டார்.

"சார், நீங்க ஏழாம் நம்பருக்குப் போங்க," என்றேன். சொந்தக்காரர்களின் டிக்கெட்டை நாங்கள் தொடக் கூடாது. பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

அத்தா ஒரு நொடி விழித்தார். பிறகு, "சரிங்க மேடம்," என்று போனார். அந்த நிலையிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு.

ஏழாம் கவுண்டரில் வால்டர். ராயபுரத்துக்காரன், தினமும் என்னோடு ஒரே காரில் வருகிறவன். காத்திருப்புப் பட்டியலில் அத்தாவின் பெயரை முதலில் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னான். அத்தா பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன். வராதவர்கள் முப்பது பேர். எட்டரைக்குப் பதினொன்று. ஒன்பதுக்கு நான்கு. ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்றது. குழந்தைகளுக்கு ஜன்னலோரம் கேட்டார்கள். கொடுத்தேன். சிரிக்கவும் செய்தேன்.

ஒன்பது பதினாறுக்கு ஒருவர் மட்டும் பாக்கி. 22C. வால்டர் தன் கவுண்டரிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். அத்தாவும் அதைப் பார்த்தார். எழுந்து நின்று சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒன்பது பதினெட்டுக்கு அந்த 22C ஓடி வந்தான். அரைக்கால் சட்டை, கழுத்தில் ஹெட்போன். "சாரி சாரி, கத்திப்பாராவுல செம டிராபிக்," என்று பெரிய பை ஒன்றை பெல்ட்டில் போட்டான்.

எடை பத்தொன்பது கிலோ. அனுமதி பதினைந்து.

நான்கு கிலோவுக்கான பணத்தை எதிரே உள்ள டிக்கெட் கவுண்டரில் கட்டி ரசீதோடு வரவேண்டும். அங்கே ஐந்து பேர் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறந்து சட்டத்தைச் சொன்னால் போதும். அவன் திரும்புவதற்குள் ஒன்பது இருபது ஆகிவிடும். பொய் சொல்லவும் தேவையில்லை. யாரும் என்னைக் கேட்க முடியாது.

ஆனால் கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களிடம் நாங்கள் எடை பார்ப்பதில்லை. எழுதாத பழக்கம். ஆறு வருடத்தில் ஒருவரைக்கூட நான் அப்படித் திருப்பியதில்லை. இன்றைக்கு மட்டும் திருப்பினால், அது சட்டத்துக்காக இல்லை. அதை நான் மட்டும் அறிவேன்.

இதை முழுவதும் யோசித்து முடித்தேனா, அதற்குள் கை செய்துவிட்டதா, இன்றும் தெரியவில்லை. போர்டிங் பாஸ் வெளியே வந்திருந்தது. பை பெல்ட்டில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கவுண்டர் மூடியதும் வால்டர் வந்தான். எடை காட்டும் பலகையை அங்கிருந்தே பார்த்திருக்கிறான்.

"இன்னாடி உமைமா, பத்தொம்போது. காசு கட்டினு வான்னு அனுப்பிருக்கலாம்ல?"

நான் மிச்சமிருந்த பெட்டிச் சீட்டுகளை அடுக்கினேன்.

"லூசாடி நீ?" என்றான்.

அத்தா இன்னும் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய், "இடம் இல்லத்தா," என்றேன்.

"அதான் பார்த்தேனே." துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்: "அந்தத் தம்பி எதுக்குப் போவுதாம்?"

"கடலுக்குள்ள முங்கி மீன் பாக்கத்தா. அந்தப் பை அதுக்குத்தான்."

"மீன் பாக்கவா?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "காசிமேட்டுக்கு வந்தா நாங்க காட்ட மாட்டோமா?"

எடையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இனிமேலும் சொல்வேன் என்று தோன்றவில்லை.

"சித்திக்கு நீயே பேசிரும்மா. எனக்கு வாய் வராது."

ரஹீமுன்னிசா சித்தி முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதும் சத்தம். நான் பேச ஆரம்பித்தேன். "இன்று விமானத்தில் இடம் இல்லாத காரணத்தால் அத்தாவால் வர இயலவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"யாரும்மா பேசுறது?" என்றார் சித்தி.

அத்தா போனை வாங்கிக்கொண்டார். "நான்தாம்மா. எனக்காக வெக்காதீங்க. லுஹருக்கே எடுத்துருங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அணைக்கத் தெரியாத பொருள்போல அது கையில் இருந்தது.

"மெட்ரோ வரைக்கும் கூட வரேன்," என்றேன்.

"நீ வேலையைப் பாரு. லுஹர் வரைக்கும் இங்கியே குந்திக்கினு கீறேன். இங்கேர்ந்து கொஞ்சம் கிட்ட மாதிரி கீது."

இடம் கிடைக்காதவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. கவுண்டர் மூடியதும் வாசலில் பெயர் எழுதிவிட்டு வெளியே போகவேண்டும். பட்டியல் காவலரிடம் போய்விட்டிருக்கும். அதை அத்தாவிடம் சொல்ல நின்றேன். சொல்ல முடியவில்லை. மதுரை விமானத்துக்கு வரிசை சேர்ந்துவிட்டது. மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

முதல் பெட்டியை எடை போட்டேன். நிமிர்ந்தேன், அத்தா இருந்தார். நாலைந்து பெட்டிகள் கழித்துப் பார்த்தேன், இருந்தார். வயதான தம்பதிக்குச் சக்கர நாற்காலி எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அத்தா இருந்த இடத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். லுஹருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.