உம்மு நிஸார் விட்டுவைத்த செடிகள்

ரபாப் வயலுக்குள் இறங்கும்போது வெயில் இன்னும் எல்லை மலையைத் தாண்டவில்லை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் சிரியா. இந்தப் பக்கம் அவர்களுடைய கொண்டைக்கடலை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது, காய் பிடிக்க ஆரம்பித்திருந்தது. முந்தின நாள்தான் பெண்கள் வந்து களை எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிலம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. சந்தோஷமாக நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடலைக்கு நடுவே கஞ்சாச் செடி நின்றது. ஒன்று இரண்டு இல்லை. இங்கே ஒரு திட்டு, தள்ளி இன்னொரு திட்டு என்று வயல் முழுக்க இருந்தது. இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது, நேற்று வரை வளர்ந்த களைக்குள் மறைந்து நின்றிருக்கும். சுற்றிலும் ஒரு புல் கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் அடியில் மண் கிளறி அணைத்து விட்டிருந்தது. ஆசையாக வளர்த்த செடி போல இருந்தது.

அவள் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அவள் புருஷன் வஹ்பியின் மேல் இருந்த வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. கஞ்சா பயிரிட்டதாகப் பழைய வழக்கு. அந்தப் பகுதியில் பாதி ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு வழக்கு உண்டு. வழக்கு உள்ளவன் ரோட்டில் இருக்கும் பட்டாளச் சாவடியைத் தாண்ட முடியாது. தாண்டினால் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வஹ்பி வருஷக்கணக்காக ஊரை விட்டு வெளியே போகவில்லை. சொந்தத் தங்கச்சி செத்தபோதும் போகவில்லை. அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் இப்போது அவன் கண் போய்க்கொண்டிருந்தது. இடது கண்ணில் வெள்ளை விழுந்து முழுசாக மூடிவிட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று ஊருக்கு வந்த டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி சாவடிக்கு அந்தப் பக்கம், ஸஹ்லே நகரத்தில் இருந்தது.

வக்கீல் ரபாபிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"வழக்கு தள்ளுபடியாயிடுச்சும்மா. ஆனா பேரு அவங்க கம்ப்யூட்டர்லேருந்து போறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் உங்க நிலத்துல ஒரு செடி இருக்கக் கூடாது. ஒண்ணு பிடிபட்டாலும் பழசு எழுந்து உக்காந்துக்கும். அப்பறம் என்கிட்ட வராதீங்க."

அதனால்தான் இந்த வருஷம் கடலை போட்டார்கள். நேற்றும் அந்த வக்கீலைப் பார்க்கத்தான் அவள் கீழே போயிருந்தாள். பேர் போய்விட்டதா என்று கேட்டதற்கு "போயிருக்கும்" என்றார். போயிருக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

எழுந்து வீட்டுக்கு ஓடினாள். வஹ்பி வாசலில் மத்தே என்கிற இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து வயலப் போயி பாத்தீங்களா?"

"பாத்தேனே. அருமையா எடுத்திருக்காங்க. ஒரு களை இல்ல."

"களை இல்லதான். கஞ்சா இருக்கு."

அவன் குவளையைக் கீழே வைத்தான். "என்ன சொல்ற? நான் நடந்து பாத்தேன். எல்லாம் பச்சையா இருந்துச்சு."

"உங்களுக்கு எல்லாமே பச்சையாத்தான் இருக்கும். போன வருஷம் அறுத்துக் குவிச்சுக் காயப் போட்டோம்ல, அந்த இடத்துல எல்லாம் விதை கொட்டி முளைச்சிருக்கு. களையோட களையா அதையும் பிடுங்கியிருக்கணும். இவளுக கடலைக்குள்ள இருந்த புல்லை எல்லாம் பிடுங்கிட்டு அத மட்டும் விட்டு வச்சிருக்காளுக. மண்ணு வேற அணைச்சு விட்டிருக்காளுக."

வஹ்பிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அவள் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

அந்த ஊரில் பெண்கள் கூடிக்கொண்டு ஒருத்தர் வயலில் ஒருநாள் என்று முறை வைத்துக் களை எடுப்பார்கள். கூலி கிடையாது. வயல்காரி மதியம் கோதுமை நொய்ச் சோறும் தயிரும் போடுவாள். வசந்தம் பூராவும் அவர்கள் எடுத்தது கஞ்சா வயலில்தான். குனிந்தால் கை தானாகப் போகும், புல்லைப் பிடுங்கும், கஞ்சாவை விடும். அப்படியே பழகிவிட்டது. ரபாப் நேற்று அவர்களோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போனில் செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் போயிருந்தது. பட்டாளம் கிளம்பிவிட்டது, கஞ்சாவை உழுது அழிக்க டிராக்டரும் கூட வருகிறது, மதியத்துக்குள் இங்கே இருப்பார்கள்.

வஹ்பி எழுந்து செருப்பைத் தேடினான். வருஷா வருஷம் அப்படித்தான். பட்டாளம் வந்தால் ஆம்பளைகள் மலைக்குப் போய்விடுவார்கள். வஹ்பி போகும் குகை எது என்று ஊருக்கே தெரியும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மேலதான்."

"இப்பவும் ஓடினீங்கன்னா அது நம்ம பயிருன்னு ஆயிடும். விதைக்காதவன் எதுக்கு ஓடறான்னு கேப்பான்."

"நின்னா பிடிச்சுட்டுப் போயிடுவான் ரபாப்."

"ஓடினா கண்ணு போயிடும். எனக்கு உங்களக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுத் திரிய முடியாது. இந்தக் கண்ணோட மலை ஏறி எங்கயாவது விழுந்து தொலைச்சா இன்னும் கஷ்டம். வயலுக்கு வாங்க."

அவன் மலைப்பக்கம் ஒருமுறை திரும்பினான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்தான்.

வழியில் ரபாப் உம்மு நிஸாரின் கதவைத் தட்டினாள். நிஸாரின் அம்மா என்பதால் அந்தப் பேர். பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தாள்.

"மகான் அப்பாஸ் மேல சத்தியமா எனக்குத் தெரியலடி. நல்லா இருக்கட்டும்னுதான் மண்ணு அணைச்சேன்."

"தெரியும்க்கா. வாங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பட்டாளம் வருது."

"என் வயலு?"

"உங்க வயலு முழுக்கக் கஞ்சா. அத யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. என் வயல்லதான் கஞ்சாவப் பிடுங்கினா கடலை மிஞ்சும்."

உம்மு நிஸார் யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்" என்று தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். பிடுங்கத் தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை. ஒருத்தி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு "இது பெண் செடி மாதிரி இருக்கே" என்று நின்றாள். பெண் செடிதான் விலை போகும். ரபாப் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். இன்னொரு பக்கம் திரும்பினால் உம்மு நிஸார் பிடுங்கினதை எல்லாம் மண் உதறி, வேர் ஒரு பக்கமாக அடுக்கி, அழகாகக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கட்டாதீங்க. அறுவடை பண்ணின மாதிரி இருக்கு."

"அய்யய்ய, கை பாட்டுக்குப் போகுதுடி."

"கையக் கொஞ்சம் வீட்ல வச்சுட்டு வந்திருக்கலாம்ல."

வஹ்பியும் குனிந்து தடவித் தடவிப் பிடுங்கினான். பாதி கடலைச் செடி. ரபாப் பார்த்துவிட்டு அடுத்த திட்டுக்குப் போனாள்.

எல்லாம் முடியும்போது வயலோரம் ஒரு ஆள் உயரத்துக்குக் குவியல் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் அடுத்த பிரச்சினை. இதை எங்கே கொண்டு போவது? கிணற்றில் போடலாம் என்றாள் ஒருத்தி. ஆட்டுக்குப் போடலாம் என்றாள் இன்னொருத்தி. அதற்குள் கீழே ரோட்டில் புழுதி தெரிந்தது.

"அப்படியே கிடக்கட்டும். நாமளே காட்டுவோம்" என்றாள் ரபாப்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் வஹ்பி.

"ஒளிச்சு வச்சு அவன் கண்டெடுத்தான்னா மாட்டினோம். காட்டிட்டா கொஞ்சமாவது பேசலாம்."

முதலில் ஜீப் வந்தது. பின்னால் இரண்டு லாரி, அதற்குப் பின்னால் டிராக்டர். டிராக்டர்காரன் முகத்தைத் துணியால் சுற்றியிருந்தான். உள்ளூரில் யாரும் இந்த வேலைக்கு வண்டி தர மாட்டார்கள், எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்து வருவார்கள். ஜீப்பிலிருந்து ஒரு கேப்டன் இறங்கினான். வெயிலில் முகம் சிவந்து, காலையிலிருந்து திட்டு வாங்கிக் களைத்தவன் மாதிரி இருந்தான். குவியலைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். கடைசியில் வஹ்பியைப் பார்த்தான். அன்றைக்கு அவன் பார்த்த முதல் ஆம்பளை அதுவாகத்தான் இருக்கும்.

"யார் நிலம் இது?"

"என்னுதுதான்" என்றான் வஹ்பி. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னான்.

"நீங்க ஓடலையா?"

"ஓடலை."

"இது என்ன குவியல்?"

"கஞ்சா. நாங்க விதைக்கல. போன வருஷத்து விதை விழுந்து முளைச்சது. இந்த வருஷம் கடலைதான் போட்டோம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. காலையில ஒரு பாட்டி காத்துல பறந்து வந்துச்சுன்னாங்க." கேப்டன் வயலுக்குள் இறங்கி நடந்தான். கடலையைப் பார்த்தான். பிடுங்கின இடம் வட்ட வட்டமாகத் தெரிந்ததையும் பார்த்தான். திரும்பி வரும்போது கையில் ஒரு செடி இருந்தது. அவசரத்தில் விட்டுப்போனது.

ரபாப் வஹ்பியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"களை எல்லாம் எடுத்திருக்கீங்க. இதுக்கு மட்டும் அடியில மண்ணு அணைச்சிருக்கீங்க. களைன்னா எதுக்கு அணைக்கணும்?"

ரபாப் வாயைத் திறப்பதற்குள் உம்மு நிஸார் முன்னால் வந்தாள்.

"தம்பி, அணைச்சது நான். இந்தப் பொண்ணு நேத்து ஊர்ல இல்ல. நாங்கதான் முறைக்கு வந்து களை எடுத்தோம். எங்க கைக்கு இது களைன்னு தெரியாது. நீ துப்பாக்கி பிடிச்சுப் பழகின மாதிரி நாங்க இதப் பிடிச்சுப் பழகிட்டோம். கடலைய விட்டு வச்சதே பெரிசு."

ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். கேப்டன் திரும்பிப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"அப்ப உங்க வயல்ல இதத்தான் வச்சிருக்கீங்க."

"அது மேல இருக்கு. நீ அங்க வரத்தானே போற? அத அங்க வந்து பேசிக்கலாம். இவ கதைய முதல்ல முடி."

கேப்டன் செடியை வஹ்பியின் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதப் பாத்தும் பிடுங்கத் தோணலையா உங்களுக்கு?"

"எதப் பாத்து?" என்றான் வஹ்பி. கையை நீட்டினான். கை செடிக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது. கேப்டன் செடியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான். வஹ்பியின் தலை நகரவில்லை.

"அவருக்குக் கண்ணு தெரியாது ஐயா" என்றாள் ரபாப். "கொஞ்சம்தான் தெரியும். அதுக்குத்தான் கடலை போட்டதே. பழைய வழக்கு ஒண்ணு இருந்துச்சு, போன மாசம் தள்ளுபடியாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேற ஒண்ணும் வேணாம் எங்களுக்கு."

வழக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. கேப்டன் வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"பேரு?"

வஹ்பி பேர் சொன்னான். அப்பா பேர் கேட்டான், சொன்னான். அம்மா பேர் கேட்டான். ஒரே பேரில் ஊரெல்லாம் ஆள் இருப்பதால் அம்மா பேர் வரைக்கும் கேட்பார்கள். "நவ்ஃபா" என்றான். கேப்டன் எல்லாவற்றையும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுக் காத்திருந்தான்.

வயர்லெஸ் கரகரத்தது. டிராக்டர் சும்மா ஓடிக்கொண்டே நின்றது. ஒரு சிப்பாய் போய் அதன் பக்கத்து நிழலில் உட்கார்ந்தான். வஹ்பி இரண்டு கையையும் முன்னால் சேர்த்து வைத்திருந்தான், விலங்கு மாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்கிற மாதிரி. ரபாப் அதைப் பார்த்துவிட்டு அவன் ஒரு கையை எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள். ஊர் பார்க்க அப்படி அவள் பிடித்ததே இல்லை. வக்கீல் சொன்ன "போயிருக்கும்" என்கிற வார்த்தைதான் அவள் மண்டையில் ஓடியது. போகவில்லை என்றால் இவனை இந்த லாரியில்தான் ஏற்றுவார்கள். எந்தப் பக்கம் படி என்று கூட அவனுக்குத் தெரியாது.

வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. ரபாபுக்குப் புரியவில்லை. கேப்டன் "மறுபடி சொல்லு" என்றான். மறுபடி வந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றான் கேப்டன். "உங்க பேர்ல ஒண்ணும் இல்ல."

வஹ்பி அசையவில்லை.

"போங்க நீங்க."

"எங்க?" என்றான் வஹ்பி.

"எங்க வேணாலும். இது உங்க நிலம்தானே, இங்கயே நில்லுங்க." கேப்டனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது போல. டிராக்டர்காரனைப் பார்த்துக் கை ஆட்டினான். "இதுல இறக்காதே. கடலை. குவியல மட்டும் டீசல் ஊத்திக் கொளுத்திட்டு மேல போலாம்."

"காத்து பாத்துக் கொளுத்துப்பா" என்றாள் உம்மு நிஸார். "சிரியாக்காரன் சும்மா அனுபவிச்சுடப் போறான்."

இந்தத் தடவை சிப்பாய்கள் யாரும் சிரிப்பை அடக்கவில்லை.

டிராக்டர் மேலே ஏறியது. உம்மு நிஸாரின் வயல் அங்கேதான். அவள் பின்னாலேயே போனாள். ரபாப் அவள் கையைப் பிடித்து "அக்கா" என்றாள்.

"விடுடி. எனக்கு வருஷா வருஷம் பாதி போகும், பாதி மிஞ்சும். நீ அவனக் கூட்டிட்டுக் கிளம்பு. நாளைக்கு நாளன்னைக்குன்னு வச்சுக்காதே."

ரபாப் அழுதாள். வயலோரத்தில் உட்கார்ந்து, தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். வஹ்பி பக்கத்தில் நின்று, "ஏன் அழற, ஒண்ணும் இல்லன்னுட்டானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அன்றைக்கே கிளம்பினார்கள். பழைய பிக்கப்பை ரபாப் ஓட்டினாள். ரொட்டியும் லப்னே என்கிற கெட்டித் தயிரும் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். சாவடி வரவர வஹ்பி பேச்சை நிறுத்திவிட்டான். அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். வேர்த்தது.

வண்டிகள் வரிசையாக நின்றன. அவர்கள் முறை வந்தபோது சிப்பாய் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். வஹ்பி அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினான், கை விறைத்துப்போய் நேராக. சிப்பாய் பார்க்கக் கூட இல்லை. பேசிக்கொண்டே போ போ என்று விரலை ஆட்டினான்.

ரபாப் வண்டியை எடுத்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகும் வஹ்பியின் கை வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. போன்னு காட்டினான்."

"பேரு கேக்கலையா?"

"கேக்கல."

"அட்டையப் பாக்கலையா?"

"பாக்கல."

அவன் கையை உள்ளே இழுத்துக்கொண்டான். கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி கூட இருந்தது. "இத்தனை வருஷமா இவனுக்குத்தான் பயந்துட்டு இருந்தேனா?"

"வேணும்னா திரும்பிப் போயி கேக்கச் சொல்லட்டுமா?"

"சும்மா ஓட்டு" என்றான். பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ரோடு இறங்கிக்கொண்டே போனது, இரண்டு பக்கமும் வயல். எது என்ன பயிர் என்று அவனுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. ஸஹ்லே எல்லை வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். அவன் விழிக்காமல் இருக்கட்டும் என்று ரபாப் பள்ளங்களில் மெதுவாக இறக்கி ஓட்டினாள்.