பின்னாலேயே வந்த சட்டைகள்

தள்ளுபடிக் கடையில் வேண்டாமென்று அவள் போட்டுவிட்டு வந்த மஞ்சள் சட்டை, மறுநாள் காலை வீட்டு அலமாரியில் தொங்கியது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. இனி ஒரு வருடத்துக்குத் துணியே வாங்குவதில்லை என்று அவள் கணவரிடம் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்த அவளுக்குத் தள்ளுபடி அறிவிப்பைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். அலமாரிக் கதவு மூடாமல் போன பிறகுதான் அந்தச் சபதம். வாங்குவதை விட்டாளே தவிர, பார்ப்பதை விடவில்லை. மாலையில் கடைக்குள் நுழைந்து குவியலைக் கிளறுவாள். ஓரத் தையலைத் திருப்பிப் பார்ப்பாள். "பாவம், இந்த விலைக்கா உன்னைப் போட்டிருக்காங்க" என்று மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவாள்.

கணவர் மூக்குக்கண்ணாடி பழுதுபார்ப்பவர்; சின்னக் கீறலையும் விடாதவர். பை இல்லை, ரசீது இல்லை, சட்டை மட்டும் இருக்கிறது என்றால் ஒன்று அவள் பொய் சொல்கிறாள், இல்லை அதைவிட மோசம். அந்த இரண்டாவதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போனதும் கைப்பையைத் திறந்து பார்த்தார். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தன் வைராக்கியத்தைக் குலைக்க அவரே வாங்கி மாட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். பச்சைப் பாவாடையும் பொத்தான் போன கோட்டும் வந்து சேர்வதற்குள், இருவரும் பேசாமல் சாப்பிடப் பழகியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த நாத்தனார் அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டு, "விரதம் பலமா இருக்கு போல, அண்ணி" என்றாள். அவள் போனதும் மனைவி பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"திருடின்னு நினைக்கிறவரோட எப்படிங்க இருக்கிறது?"

மறுநாள் மாலை கணவர் தன் கண்ணாடிக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவளைப் பின்தொடர்ந்தார். அவள் மைக்கறை பட்ட நீலக் கவுன் ஒன்றைத் தடவி, பாவம் என்று சொல்லி, வைத்துவிட்டு நடந்தாள். கவுன் எழுந்து உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"தூக்கிப் போடற சரக்குதாங்க. பாவம்னு சொன்னவங்க பின்னாடியே போயிடுது" என்றார் அவர்.

சிக்னலில் அவள் நின்றாள். கவுனும் சற்றுத் தள்ளி நின்றது. அதற்குப் பின்னால் கணவர் நின்றார்.

வீட்டு வாசலில் அது தயங்கியபோது, அவர் முந்திப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பெட்டியைத் தூக்கிப் பரணில் ஏற்றினார். பிறகு தன் சட்டைகளையெல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணிக்கு மாற்றி, அலமாரியில் இடம் செய்தார்.

வருடம் முடியும்வரை அவள் ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. நாத்தனார் மட்டும் இன்றுவரை நம்பவில்லை. மனைவி வேலை முடிந்து வந்ததும் கணவர் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்கு யாரைப் பாவம்னு சொன்ன?"

"ஒரு ஸ்வெட்டர். ஒரு கை நீளமா இருந்துச்சு."

அவர் தாழ்ப்பாள் போடாமல் காத்திருப்பார். மழை பெய்தால், கையில் துண்டோடு.