தெருமுனையில் நின்ற கார்

கடைசி ஃபியூஸையும் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பி அறுந்திருக்கவில்லை. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அழுகைச் சத்தம் ஜன்னல் வழியாக வாசலுக்கு வந்தது. அவள், தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் குனிந்திருந்தாள்.

நேற்று மதியம் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு நின்றுவிட்டது. அவர் பையிலிருந்து சாவியை எடுத்து, அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அண்ணன்தான் ஓட்டினான். கார் தெருமுனை வரை போய் நின்றது. அதற்குப் பிறகு இன்ஜின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. அவள் இறங்கி, சாயங்கால எலக்ட்ரிகல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி பேட்டரியில் ஆரம்பித்தாள். உள்ளே, ஊர் கார்களுக்கெல்லாம் வயரிங் பார்த்த அப்பாவின் இடது கை டிரைவர் சீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"தட்டாதீங்கப்பா! அவசரம்னு எனக்குத் தெரியாதா?" என்று அண்ணன் கத்தினான்.

ஆட்டோ கிடைத்தபோது தட்டல் நின்றுபோயிருந்தது.

"கூட்டாளிங்களோட ஊர் சுத்த மட்டும் வண்டி ஓடுச்சு. பெத்தவனுக்கு ஓடலையாடா?" வாசலில் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓட்டி ஓட்டியே பேட்டரிய சாகடிச்சிட்டான்."

"நான் தொட்டே ரொம்ப நாளாச்சு பெரியப்பா. கம்பத்துல இடிச்சதுக்கப்புறம் அப்பா சாவியையே கண்ல காட்டல."

"வாய் மட்டும் நீளம்."

பேட்டரியில் குறையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எங்கே குறை என்று சொல்ல முடியாதவள் பேச்சை யார் கேட்பார்கள்? எந்தப் படியைத் தவறவிட்டோம்? ஃபியூஸ்களைத் திரும்பச் செருகி, சாவியைத் திருப்பிக் காதைத் தீட்டினாள். பின்னால், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்பின் முனகல் இல்லை. நேற்று அதைக் கேட்கத் தோன்றவேயில்லை. பம்பின் வயரைத் தேடிப்பிடித்து, விரிப்பைத் தூக்கித் தொடர்ந்தாள். அது டிரைவர் சீட்டுக்கு அடியில் போனது. அங்கே ஒரு சின்ன சுவிட்ச். அதன் வயரில் சுற்றிய டேப்பின் நுனி அவிழாமல் நூலால் கட்டியிருந்தது. அப்படிக் கட்டுகிறவர் அப்பா ஒருவர்தான்.

தட்டிவிட்டாள். பம்பு முனகியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தான். "என்ன இன்ஜினியரம்மா, கண்டுபிடிச்சிட்டியா? என்னவாம்?"

பேட்டரி வயர் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவன் குனிந்து பார்த்துவிட்டான். வெகுநேரம் நிமிரவில்லை.

"இத ஆஃப் பண்ணிட்டா?"

"குழாயில மிச்சமிருக்குற பெட்ரோல் தெருமுனை வரைக்கும்தான் வரும்."

"சாவிய மறைச்சது பத்தலையா அவருக்கு?"

அவள் ஃபியூஸ் பெட்டியை மூடினாள்.

"அப்ப நேத்து அவர் தட்டினது…"

"அண்ணா."

அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான். விரிப்பை இழுத்து மூடிக் காலால் அழுத்தினான்.

பெரியப்பா வந்து நின்றார். "என்னடா ஆச்சாம் வண்டிக்கு?"

"பேட்டரிதான் பெரியப்பா," என்றான் அண்ணன். "நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"அதத்தான நானும் காலையிலேர்ந்து சொல்றேன்." அவர் நாலு பேரைப் பார்த்துத் தலையாட்டினார். "சரி வா, தூக்கணும். நீ முன்னாடி பிடி."

அவள் உள்ளே போனாள். அம்மா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். கார் அழுக்கில் அவளுடைய உள்ளங்கைகள் இரண்டும் கறுப்பாக இருந்தன. எதன்மேலும் படாமல் அவற்றை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.