வாழைகள் வரை ஓடியவள்

ஊர் ஒலிபெருக்கியில் தன் பெயர் வந்தபோது லுவா வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தினமும் விடிந்தும் விடியாமலும் அது கத்தத் தொடங்கிவிடும். நெல் என்ன விலை, வெள்ளம் எவ்வளவு ஏறும், தடுப்பூசி எந்தக் கிழமை என்று ஒப்பிக்கும். யாரும் காது கொடுப்பதில்லை. அன்றைக்கென்று வாய்க்காலின் இரு கரையும் அடங்கிக் கிடந்தது. "நமது சுகாதாரத் தொண்டர் லுவா, நீரில் மூழ்கிய மூன்று வயதுக் குழந்தையைச் சமயோசிதமாகத் தோளில் சுமந்து ஓடி உயிர் பிழைக்கச் செய்தார்" என்று ஒரு பெண் குரல் பாட்டு மாதிரி இழுத்துப் படித்தது. எதிர்க்கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு இவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். லுவாவுக்குத் தவிட்டுச் சட்டிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

தோளில் சுமந்து ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். அதில் பொய் இல்லை. அப்படி ஓடக்கூடாது என்று இத்தனை வருஷமாக வீடு வீடாகப் போய்த் தொண்டை கிழியச் சொன்னவளும் அவள்தான். மேக்கோங் ஆற்றுத் தண்ணீர் வயலெல்லாம் ஏறி வாசற்படியைத் தொடும் மாதங்களில், சுகாதார நிலையத்து ரப்பர் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு படகு படகாக ஏறி இறங்குவாள். மூக்கு உடைந்த அந்தப் பொம்மைக்குப் பெண்கள் வைத்த பெயர் 'அரசாங்கத்துப் பிள்ளை'. "தண்ணியில விழுந்த பிள்ளைய எடுத்ததும் தலைகீழாத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. வயித்துத் தண்ணி வெளிய வந்து ஒரு பிரயோசனமும் இல்ல. பிள்ளைக்கு வேண்டியது மூச்சு. மல்லாக்கப் போடுங்க, தலையப் பின்னால சாய்ங்க, மூக்கப் பொத்தி வாயில ஊதுங்க, நெஞ்ச அமுக்குங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கேட்க வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சோப்புக் கட்டி உண்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி டீச்சர், ஆனா எங்க சின் மாமாவ அவங்கப்பா தோள்ல போட்டு வயலச் சுத்தி ஓடித்தான பொழைக்க வச்சாரு" என்பார்கள். படகு பழுதுபார்க்கும் சின் மாமாவும் உயிருள்ள சாட்சியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார்.

அந்த ஊரில் ஓடுவது என்பது வெறும் வைத்தியமில்லை. தோளில் பிள்ளை தொங்க ஒருவர் ஓடுகிற வரைக்கும் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தரையில் கிடத்திவிட்டால் கதை முடிந்தது. பிணத்தைத்தான் தரையில் கிடத்துவார்கள். பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளையைக் கீழே போடுகிறவரை அந்த ஊர் லேசில் மன்னிக்காது. லுவாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான், "கீழ போட யோசிக்காதீங்க, ஊர் வாய்க்குப் பயப்படாதீங்க" என்பதையும் பாடத்தில் சேர்த்திருந்தாள்.

பிள்ளை தண்ணீரில் விழுந்த நாள் ஹொவான் வீட்டில் அவன் அம்மாவுக்குத் திவசம்; அங்கெல்லாம் திவசம் என்றால் விருந்துதான். வாசலில் மேசை போட்டு வாத்துக்கறியும் அரிசிச் சாராயமும் ஓட, நடுவில் கரோக்கி வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக் காதைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஹொவானின் மகள் மித் — பலாப்பழம் என்று அர்த்தம், பிறந்தபோது அவ்வளவு கனமாக இருந்தாளாம் — படித்துறையில் மிதந்த செருப்பை எட்டி எடுக்கப் போயிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவப் போன ஒருத்தி கத்தினாள், ஹொவான் குதித்தான், தூக்கிக் கொண்டுவந்து கண் தெரியாமல் முன்னால் நின்ற ஆளிடம் நீட்டினான். அந்த ஆள் லுவா. பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. தாய் துயெத் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாட்டு நின்று, எல்லா முகமும் இவளைப் பார்த்தன. காலடியில் சிமெண்டுத் தரை காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. அங்கே கிடத்தியிருந்தால் போதும். "ஓடு லுவா, ஓடு" என்று சின் மாமா கத்தினார். இன்னும் நாலு பேர் கத்தினார்கள். லுவா மித்தின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

தெரியாமல் ஓடவில்லை. அதுதான் அவளைத் தின்றது. பதற்றத்தில் புத்தி மழுங்கிப்போனது என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருந்தால் தேவலை. முதல் எட்டிலேயே தெரிந்தது. கரை மண் வழுக்க வழுக்க, பிள்ளையின் தலை முதுகில் முட்ட முட்ட, தப்பு தப்பு என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்தாள், கால் நிற்கவில்லை. நின்றால் கீழே கிடத்த வேண்டும். கிடத்தினால் துயெத் பார்ப்பாள். வளைவில் வாழைகளுக்குப் பின்னால் யாரோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள் லுவாவின் நாத்தனார், தாம் என்று பெயர். சோப்புக்காக மட்டும் வகுப்புக்கு வந்து, தூணில் சாய்ந்து வாய் திறந்து தூங்குகிறவள். பிள்ளையைப் பிடுங்கிச் சருகுமேல் போட்டாள், தலையைச் சாய்த்தாள், ஊதினாள், அமுக்கினாள், மறுபடி ஊதினாள். லுவா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. பிள்ளை கக்கிவிட்டு அழத் தொடங்கியதும்தான் குனிந்து வாரி எடுத்தாள். ஊர் வாழைகளைச் சுற்றி வந்தபோது அழுகிற பிள்ளை லுவாவின் மார்பில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ஊர் தன் கதையை எழுதி முடித்திருந்தது. "பொம்மைய வச்சு என்னென்னமோ சொன்னாளே, தன் கைக்குன்னு வந்தப்ப என்ன செஞ்சா? எங்கப்பன் செஞ்சதத்தான செஞ்சா" என்று சின் மாமா டீக்கடையில் தொடையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பெருமையாகச் சொன்னார். கேலி செய்திருந்தால் லுவா பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள்.

தாமிடம் அவள் பேசியது பின்கட்டில், மீன் கழுவும்போது.

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தாம் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "எதுக்குச் சொல்லணும்? உங்களத் தொண்டர் வேலையிலேர்ந்து தூக்குவாங்க. எனக்குச் சோப்பு போயிரும்."

"விளையாடாத தாம்."

"அப்புறம் என்ன அண்ணி செய்யச் சொல்றீங்க? எங்க அண்ணன் பொண்டாட்டி பாடம் நடத்துனதுக்கு நேர்மாறா ஓடினாங்கன்னு நானே ஊரக் கூட்டிச் சொல்லவா? பிள்ள பொழைச்சிருச்சு. விடுங்க." அடுத்த மீனை எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்கும் என்ன தெரியும்? கரையில ஓடி வரும்போது உங்க குரல்தான் காதுல கேட்டுச்சு. மூக்கப் பொத்து, மூக்கப் பொத்துன்னு. நான் தூங்கறேன்னு நீங்க திட்டினதும் சேந்து கேட்டுச்சு."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். லுவாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தன் குரல் இவள் காதுக்குள் போய் வேலை செய்திருக்கிறது, தனக்குள் செய்யவில்லை. கையிலிருந்த மீன் நழுவி மண்ணில் விழுந்ததைத் தாம் எடுத்துக் கழுவிப் போட்டாள்.

இதையும் விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டிருப்பாள். மனுஷிதானே. நான்கு நாள் ஊர் புகழும், பிறகு வேறு எவனாவது லாட்டரியில் பரிசு அடிப்பான், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் கடைத்துறையில் இஞ்சி வாங்கிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். போன மாதம்தான் குடிவந்தவள், வீடு தண்ணீரை ஒட்டினாற்போல் இருக்கிறது. "அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லித் தாங்க" என்றாள், வெட்கத்தோடு. "எந்தத் தோள்ல போட்டுக்கணும்? இடதா, வலதா?"

லுவா அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அது அவள் இஞ்சியைப் பிடுங்கப் பார்த்தது. "வகுப்புக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாக்கியைக்கூட வாங்காமல் படகில் ஏறினாள். வழியெல்லாம் முகம் எரிந்தது.

சமூகக்கூடத்தில் முழங்கால் தண்ணீர் நின்றதால் அடுத்த வகுப்பைத் தன் வீட்டு வாசலிலேயே வைக்க வேண்டும் என்று ஹொவான் ஒற்றைக்காலில் நின்றான். திவச மேசைகளையே எடுத்துப் போட்டிருந்தான். சோப்புக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். துயெத் முதல் வரிசையில் மித்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை, தலையில் ரிப்பன். சின்னப் பெண்ணும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். லுவா பொம்மையை மேசைமேல் வைத்ததும் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்றாள். மறுபடி சொன்னாள்: "ஓடினது தப்பு. தெரிஞ்சேதான் ஓடினேன். நீங்கல்லாம் பாத்துக்கிட்டிருந்தீங்க, கீழ போட வெக்கமா இருந்துச்சு, பயமா இருந்துச்சு. மித்துக்கு உயிர் குடுத்தது தாம். வாழைக்குப் பின்னால, தரையில போட்டு ஊதினா. நான் சும்மா நின்னேன்."

எல்லோரும் தாமைப் பார்த்தார்கள். தாம் தூணோரமாக நகர்ந்துகொண்டு, "அண்ணி எதையாவது சொல்வாங்க" என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், கூட்டம் இளகிவிட்டது.

"நாத்தனாருக்கும் பங்கு குடுக்கறா பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார் சின் மாமா.

"பெரிய மனுஷின்னா இப்படித்தான், செஞ்சத செஞ்சேன்னு சொல்லமாட்டா" என்றாள் இன்னொருத்தி.

ஹொவான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, நீங்க ஓடலைன்னா எம்பொண்ணு இன்னிக்கு இங்க இல்ல. வேற என்ன சொன்னாலும் நான் கேக்கமாட்டேன்."

ஊர் முன்னால் வெட்கத்தை அவிழ்த்துப் போட்டால், அதையும் மாலையாகக் கட்டித் திருப்பி அவள் கழுத்திலேயே போடுகிறார்கள். அந்தச் சின்னப் பெண் மட்டும் குழப்பத்தோடு குழந்தையை இடது தோளுக்கும் வலது தோளுக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

லுவா பொம்மையை எடுத்தாள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது.

"அன்னிக்கு ஓடின இடம் வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வர்றேன். பிள்ளைக்கு மூச்சு இல்ல. அதனால உங்களுக்கும் இல்ல. நான் வந்து சொல்ற வரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்க. ஏமாத்தாதீங்க. இழுத்துப் பிடிங்க."

விளையாட்டு என்று நினைத்து எல்லோரும் கன்னத்தை உப்பினார்கள். லுவா ஓடினாள். கரை அன்றைக்குப் போலவே வழுக்கியது, ரப்பர்த் தலை முதுகில் முட்டியது. வாழைகள் அவள் நினைத்திருந்ததைவிடத் தள்ளி இருந்தன. இத்தனை தூரமா ஓடினேன், இத்தனை நேரமா அந்தப் பிள்ளை என் முதுகில் மூச்சில்லாமல் தொங்கியது என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் முதலில் சிரிப்பு கேட்டது. பிறகு ஒரு இருமல். பிறகு ஒருவர் ஹா என்று இழுப்பது, அதையொட்டி இன்னும் பலர் இழுப்பது. வாழைகளைத் தொடுவதற்குள்ளேயே சத்தம் அடங்கிவிட்டது. அவள் தொட்டுவிட்டுத் திரும்பினாள். வழியில் ஒருமுறை வழுக்கி முழங்கால் ஊன்றி எழுந்தாள்.

வாசலுக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சின் மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். பீடி கீழே கிடந்தது. சின்னப் பெண் கைக்குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மித் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் எங்கேயோ திருட்டுத்தனமாக இழுத்திருப்பாள், மூன்று வயதுக்கு எவ்வளவு முடியும். ஆனாலும் கன்னம் பந்தாக உப்பியிருக்க, இரண்டு விரலால் மூக்கை இறுக்கிக்கொண்டு, சிவந்த முகத்தோடு லுவாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடும்மா, விட்டுரு, போதும்" என்று துயெத் அவள் விரலைப் பிரித்தாள். மித் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் இன்னும் சொல்லவில்லையே.

லுவா சொல்வதற்காக வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை.